மாதாவுக்குத் தாய்மாமன்

எங்கள் காலனியில் மாதாவுக்குப் பிறந்த வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. பிறந்த வீடு எங்கள் தெரு. புகுந்த வீடு, அதாவது அவள் புருஷன் சூசையப்பர் வீடு, தார் ரோட்டைத் தாண்டினால் வருகிற எதிர்த்தெரு. மாதா சொரூபம் வைத்து, குகை மாதிரி கட்டியிருக்கிற கெபி அங்கேதான் இருக்கிறது. செவிலிமேட்டில் இறங்கி "சூசையப்பர் வீட்டுத் தெரு" என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார்கள். பலகையில் எழுதியிருக்கிற பெயர் வேறு. அதைத் தபால்காரரைத் தவிர யாரும் படித்ததில்லை.

இந்தக் கூத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு நாங்கள் வேறு எப்படி இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். பங்குனி வந்தால் இந்த ஊரில் சாமிக்கே கல்யாணம். சம்பந்தி மரியாதை என்ன, சீர்வரிசை என்ன, வாசலில் மாலை மாற்றுவது என்ன. இத்தனையையும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, எங்கள் மாதாவை மட்டும் அம்மா வீட்டு நாதியில்லாத பெண்ணாக விட்டுவிட மனசு வருமா? அதனால் செப்டம்பரில் மாதா பிறந்தநாளன்று, காலைப் பூசை முடிந்ததும், அவளைப் பெற்ற சுவக்கீன், அன்னம்மாள் வீட்டிலிருந்து சீர் போகும். பட்டுப்புடவை, வளையல், பூ, பழம், ஒரு கூடை முறுக்கு. முறுக்கு சூசையப்பர் வீட்டாருக்கு.

சீர் லேசில் உள்ளே போய்விடாது. கெபியின் இரும்புக் கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு எதிர்த்தெருப் பெண்கள் நிற்பார்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி, "நீங்க பொண்ணுக்கு இன்னா உறவு?" என்று கேட்பார்கள். உறவைச் சத்தமாகச் சொன்னால்தான் வழி. அங்கே சொன்ன உறவை யாரும் மறுக்கக் கூடாது. உறவு மாறவேண்டுமென்றாலும் அங்கேதான் சொல்லி மாற்ற வேண்டும். எங்கள் தெருவிலிருந்து வீடு மாறி அந்தப் பக்கம் போன ஒரு குடும்பம், அத்தை வீடாக இருந்து அந்தக் கேட்டில்தான் நாத்தனார் வீடாக மாறியது.

சுவக்கீன் என் அப்பாதான். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். வருஷா வருஷம் புறப்படும் முன் சுவக்கீன் கதையைச் சொல்வார். பிள்ளையில்லாதவன் காணிக்கை வேண்டாம் என்று கோயிலில் திருப்பியனுப்பிய கதை, அவமானம் தாங்காமல் ஆடு மேய்க்கிறவர்களோடு மலையில் போய் உட்கார்ந்த கதை, வானதூதர் வந்து பிள்ளை பிறக்கும் என்று சொன்னதும் ஓடிவந்து பட்டண வாசலில் அன்னம்மாளைக் கட்டிப்பிடித்த கதை. சொல்லி முடித்ததும் பாட்டு எடுப்பார். பாட்டைப் பற்றி நான் மகள் என்ற முறையில் எதுவும் சொல்வதற்கில்லை.

கேட்டில் நடக்கும் கிண்டல்தான் எனக்கு உயிர். "மாப்பிள்ள கெழவராமே, மொத தாரத்துப் புள்ளைங்க வேற இருக்குதாமே" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். "கோயில்ல மாப்பிள்ள தேடறப்ப அத்தினி பேரு கோலு வச்சாங்க. எங்காளு கோலுதான் பூத்துச்சு. பூத்த கோலுக்கு வயசு பாக்கறீங்களே" என்று அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். "எங்க பொண்ணு மூணு வயசுலேருந்து கோயில்ல வளந்தவ, தூதர் கையால சாப்ட்டவ" என்போம். "அதான் சமையலே கத்துக்கல" என்பார்கள். பூசைக்கு வந்த சாமியார் காதில் விழாத மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மா இருந்தவரை அன்னம்மாள் அவள்தான். அவள் போய் நாலு வருஷமாகிறது. அதற்கப்புறம் புடவைத் தட்டு என் கைக்கு வந்தது. அப்பாவுக்கு அடுத்து, மாதாவின் சித்தப்பா வீடு. அதாவது சுவக்கீனுடைய தம்பி வீடு. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிற தச்சர் அவர், அப்பாவின் சிநேகிதர். சூசையப்பரும் தச்சர்தானே, இவர் நியாயப்படி அவர் பக்கம் வரவேண்டியவர் என்று எதிர்த்தெருவில் நிரந்தரப் புகார் உண்டு. இருபது வருஷமாக அவர் என் அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அப்பா அவரை "டேய்" என்றுதான் கூப்பிடுவார்.

இந்தத் தச்சருக்கு ஒரு பையன். ஒரகடம் பக்கம் வேலை. போன வருஷ ஊர்வலத்தில் எனக்குப் பின்னால் முறுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நறுக் நறுக்கென்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"மாதாவுக்குப் போற சீருல கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றேன்.

"சித்தப்பா பையன்தானே, உரிமை இருக்குது" என்றான். பத்தடி நடந்த பிறகு, குனிந்து பூவைச் சரிசெய்கிற சாக்கில், "எனக்கு இந்தச் சித்தப்பா பையன் வேலை வேணாம். ராஜினாமா பண்றேன்" என்றான்.

மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதுவரை அவனை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை காட்டுவது என் வேலை. வாடாமல்லி கேட்டவருக்குக் கிளிப்பச்சையை விரித்துவிட்டு நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆறு மாசம் பொறுத்து வீட்டில் சொன்னேன். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சிநேகிதன் மகன், கண் பார்க்க வளர்ந்த பையன், மூன்று வீடு தள்ளி. அப்பா டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது முறையில்லம்மா. பங்காளி வீட்டுப் பையன். உனக்கு அண்ணனாவணும்."

"யாருப்பா பங்காளி? நாம வாலாஜாபாத்துலேருந்து வந்தவங்க. அவங்க எங்கேருந்தோ வந்தவங்க. ரெண்டு பேருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

"இருவது வருஷமா மாதா முன்னாடி சொல்லிக்கினு வந்திருக்கறோம். இப்ப இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளையாட்டாக ஆரம்பித்த முறையை, விளையாட்டு என்பதையே மறந்துவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் நியாயம் கேட்கப் போனால், "ஆமாம்மா, அண்ணன் தங்கச்சியாச்சே, எப்படி?" என்று அவர்களும் கன்னத்தில் கை வைத்தார்கள். இந்த ஜனங்களிடம் என்ன பேசுவது?

சாமியாரிடம் போனேன். கேட்டுவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நெஜமாவே மாமன் மகனா இருந்தாதான்மா பிஷப்புகிட்ட அனுமதி வாங்கணும். உறவே இல்லாதவங்களுக்கு நான் இன்னா எழுதறது?" என்றார். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "அவரு சட்டத்துல இருக்கறத சொல்றாரு. கேட்டுல பதில் சொல்ல வேண்டியது நாமதானே" என்று முடித்துவிட்டார்.

சரி, முறையில்தான் பிடிக்கிறீர்களா, முறையிலேயே வருகிறேன் என்று கிளம்பினேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்துவைத்துக்கொண்டு மாதாவின் சொந்தபந்தங்களைத் தோண்டினேன். எத்தனை கதைகள் தெரியுமா? பழைய காலத்து மேல்நாட்டார் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். சுவக்கீன் இறந்த பிறகு அன்னம்மாள் இன்னும் இரண்டு கல்யாணம் செய்துகொண்டாளாம். மூன்று பேருக்கும் ஒவ்வொரு பெண். மூன்று பெண்ணுக்கும் மரியாள் என்றே பெயர். அந்த மூன்று மரியாளுக்கும் பிறந்தவர்கள்தான் இயேசுவும் யாக்கோபும் யோவானும் இன்னும் சில பேரும். இயேசுவுக்குச் சகோதரர்கள் எப்படி வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுத்தான் இப்படி ஒரு கதைக்கு வந்தார்களாம். பாவம். எங்கள் தெருவில் குழாயடியில் நிற்கிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும், பெரியம்மா பையன் அண்ணன், சித்தி பையன் தம்பி, இதிலென்ன சந்தேகம் என்று சொல்லியிருப்பாள்.

இதில் எனக்கு ஏதாவது சந்து கிடைக்குமா என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"எனக்கப்புறம் ரெண்டு பேரா?"

"உங்களுக்கு இல்லப்பா, சுவக்கீனுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். எவன் எழுதனான் இத?" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த யோசனை அவனுடையது. "எங்கப்பா தச்சருதானே. சூசையப்பர் பக்கம் மாத்திட்டா நாங்க மாப்பிள்ள வீடாயிடுவோம். முறை தானா வந்துடும்" என்றான். எதிர்த்தெருக்காரர்களும் வாயெல்லாம் பல்லாக வரவேற்பார்கள். நான் துள்ளிக்கொண்டு போய், அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது சொன்னேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அவன அந்தப் பக்கம் அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? இன்னிக்கு வரிக்கும் அவன நான் டேய்னு கூப்பிடறேன். அவன் தட்டுலேருந்து எடுத்துத் துன்றேன். நாளிக்கு அவன் சம்பந்தி, நான் பொண்ணப் பெத்தவன். அவன் வாசல்ல போயி கையக் கட்டிக்கினு நிக்கணும். வாங்க போங்கன்னு பேசணும். உங்கம்மாவும் இல்ல. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். அவனும் மாப்பிள்ள வீட்டுக்காரனாயிட்டா நான் யாருகிட்டம்மா பேசுவேன்?"

இத்தனை நாளாக முறை, முறை என்று அவர் கட்டிக்கொண்டு அழுதது இதற்குத்தானா? எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சோப்பு நுரை காய்ந்து அவர் கன்னத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவனைக் கட்டிக்கொண்டால் அப்பா தன் தம்பியை இழக்கிறார். கட்டிக்கொள்ளாவிட்டால் நான் அவனை இழக்கிறேன். அன்று கடைக்கு லீவு போட்டுவிட்டேன்.

வழி காட்டியது ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து கடைக்கு வந்த ஒரு அம்மா. தங்கச்சி மகள் காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடை வேண்டும் என்றார். கூட வந்த புருஷன் சுருக்கென்று, "உன் தங்கச்சி பொண்ணுக்கு உன் அண்ணன்தானே எடுக்கணும்? தாய்மாமன் இருக்கறப்ப நாம எதுக்கு முந்திக்கணும்?" என்றார். நான் கையிலிருந்த பட்டை அப்படியே போட்டுவிட்டேன். தாய்மாமன். இத்தனை வருஷம் இத்தனை சீர் கொண்டுபோனோமே, ஒரு வருஷமாவது தாய்மாமன் தட்டு போயிருக்கிறதா? அன்னம்மாளுக்கு அக்கா தங்கை இருந்ததாகக் கதை உண்டு. அதில் ஒருத்தி மகள்தான் எலிசபெத்தம்மாள். அண்ணன் தம்பி பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "அப்பா, மாதாவுக்குத் தாய்மாமன் யாரு?"

அப்பா யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளிறியது. இருபது வருஷமாகச் சீர் நடத்துகிற மனிதர். இப்படி ஒரு ஓட்டை இருந்ததே தெரியாமல் ஊரைக் கூட்டி நடந்திருக்கிறார்.

"அவங்க வீட்ட தாய்மாமன் வீடா வச்சுக்கலாம்பா. அன்னம்மாளுக்கு அண்ணன். அப்படின்னா உங்களுக்கு மச்சான். மச்சான்கிட்ட யாராவது கைகட்டி நிப்பாங்களா? இப்ப பேசறத விட ஜாஸ்தி பேசலாம். அவரு பையன் எனக்கு மாமன் மகன். இத விட உரிமையான முறை எங்க இருக்குது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவுக்கும் கூடப் பொறந்தவன் கெடையாது" என்றார். அது எனக்குத் தெரியும். எனக்குச் சடங்கு சுற்றியபோது தாய்மாமன் வைக்க வேண்டிய தட்டை அம்மாவே வாங்கிவந்து, அம்மாவே வைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள்தான் சமையற்கட்டுக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் அவரை நம்பி உட்கார்ந்திருக்கிற ஆளா? அவன் அம்மாவைப் பிடித்தேன். "கேட்டுல நிறுத்திக் கேக்கறப்ப, தாய்மாமன் வீடுன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." அவர், "நான் சொல்றேம்மா, எனக்கின்னா பயம்?" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். தச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொன்னால் நேரே போய் "அண்ணே, சரியா?" என்று அப்பாவிடமே கேட்டுவிடுவார்.

மாதா பிறந்தநாள் வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டினார், கதை சொன்னார், பாட்டு எடுத்தார். ஊர்வலம் தார் ரோட்டைத் தாண்டியது. அப்பா முன்னால், நான் பக்கத்தில், பின்னால் தச்சர் குடும்பம். கேட்டில் வழக்கமான கிண்டல் ஆரம்பித்தது. எனக்கு உயிரான அந்தக் கிண்டலில் ஒரு சொல் என் காதில் விழவில்லை.

"நீங்க இன்னா உறவு?"

"பெத்தவங்க" என்றார் அப்பா. வழி விட்டார்கள். உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு அப்பா நின்றார்.

"நீங்க?"

அவன் அம்மா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நூறு பேர் பார்க்கிறார்கள். தொண்டையைச் செருமினார், முந்தானையை இழுத்துக்கொண்டார், என்னைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார். எனக்கின்னா பயம் என்று கேட்ட மகராசி. பின்னால் அவன் முறுக்குக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பெண்டாட்டி ஏன் முழிக்கிறாள் என்று தச்சருக்குப் புரியவில்லை. எப்போதும் சொல்கிறதைச் சொல்ல அவரே வாயெடுத்தார்.

"நாங்க சித்த..."

"இருடா" என்றார் அப்பா.

தச்சர் நிறுத்திக்கொண்டார். அப்பா கேட்டுக்கு வெளியே திரும்பி வந்தார். கண்டக்டர் குரலில், கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"இவரு அன்னம்மாளோட கூடப் பொறந்தவரு. பொண்ணுக்குத் தாய்மாமன். என் மச்சான்."

எதிர்த்தெரு ஒரு நிமிஷம் அசந்துபோனது. கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காதான் முதலில் சுதாரித்தாள். "இத்தினி வருஷமா தாய்மாமன் எங்க இருந்தாரு?" என்றாள்.

"பக்கத்துலதான் இருந்தாரு. நாங்கதான் பாக்கல" என்றார் அப்பா.

அதற்கப்புறம் யார் யார் சிரித்தார்கள், யார் விசில் அடித்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கால் தரையில் படவில்லை. தாய்மாமன்தானே முன்னால் போக வேண்டும்? அப்பா ஒதுங்கி வழிவிட்டார். "நீ போண்ணே" என்றார் தச்சர். "மச்சான் போனாதான் மொறை" என்றார் அப்பா. நீ போ, நீ போ என்று கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்து, பாதி சாத்தின கேட்டில் தொந்தியும் தொந்தியுமாக மாட்டிக்கொண்டார்கள். சாமியார் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

தச்சருக்கு எல்லாம் புரிய அவ்வளவு நேரமாயிற்று. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் விரிந்தது. மச்சானாகிவிட்டோம், இனி வாயைக் கட்ட வேண்டியதில்லை என்பதும் கூடவே உறைத்திருக்க வேண்டும். "யோவ் மச்சான், அடுத்த வருஷத்துலேருந்து நீ பாடாத. இருவது வருஷமா அண்ணனாச்சேன்னு பொறுத்துக்கினு இருந்தேன்" என்றார். இரண்டு தெருவும் ஒரே குரலில் ஆமாம் போட்டது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சீரை இறக்கி வைத்தோம். நான் புடவையை மாதாவுக்குச் சார்த்தினேன். தச்சர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, திடீரென்று பெரிய மனுஷனாகி, "பொண்ணு கேக்க எப்ப வரட்டும் மச்சான்?" என்றார்.

"தாய்மாமன் எதுக்குடா வந்து கேக்கணும்? உரிமைப்பட்டவன். எப்ப வேணும்னாலும் வந்து கூட்டிக்கினு போ" என்றார் அப்பா, சிரிப்பு அடங்காமல்.

சொன்ன பிறகுதான், கூட்டிக்கொண்டு போகப்போவது யாரை என்று அவருக்கு உறைத்தது. அவர் முகத்தில் அது வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஆறு மாசம் மல்லுக்கட்டி ஜெயித்தவள், பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு வீடு தள்ளித்தாம்பா" என்றேன்.

"தெரியும்மா" என்றார். ஆனால் கையை விடவில்லை. நானும் விடவில்லை. பின்னால் அவன் முறுக்குக் கூடையோடு காத்துக்கொண்டு நின்றான்.